யாழ்ப்பாணத்தில் மரக்காளான் கணக்கெடுக்க: வைகாசியில் கட்டை, கார்த்திகையில் காளான்

முதல் முறை நான் இறங்கியது ஓர் ஆவணி மாதம். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தென்மராட்சியில் நான்கு வளவுகளை மூன்று சனிக்கிழமை சைக்கிளில் சுற்றினேன். கண்டதெல்லாம் மாமரத்தடியில் காய்ந்து வெடித்த சில தட்டுக் காளான்கள். அடுத்த வருடம் புத்திசாலியாக மழைக்குக் காத்திருந்தேன். ஆனால் மழை தொடங்கிய பிறகுதான் அனுமதிக் கடிதத்துக்கு அலையத் தொடங்கினேன். கடிதம் கைக்கு வந்தபோது தை பிறந்திருந்தது. பொங்கலுக்கு வளவு கூட்டியவர்கள் நான் பார்த்து வைத்திருந்த கட்டைகளையும் சேர்த்துக் கூட்டி எரித்துவிட்டார்கள். மூன்றாவது வருடம்தான் ஒரு பருவம் முழுதாகக் கையில் கிடைத்தது. அந்த இரண்டு வருடங்கள் உங்களுக்கு வீணாகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக மாணவராக இருந்தாலும் சரி, பாடசாலை இயற்கைக் கழகத்தை நடத்தும் ஆசிரியராக இருந்தாலும் சரி, சும்மா ஆர்வத்தில் இறங்குபவராக இருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

1. எதை எண்ணுவது, எதை விடுவது

மரத்தில் முளைப்பது மட்டும்தான் உங்கள் கணக்கு. புற்றில் வரும் காளான், வைக்கோல் குவியலில் வருவது, சாணத்தில் வருவது எல்லாம் வேறு ஆட்கள் பார்க்கட்டும். இதில் கறாராக இல்லாவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே கொப்பி குழம்பிவிடும்.

புதிதாக வருபவர்கள் தவறிப் பதிவது இரண்டு. ஒன்று, மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் இலைக்கன். மாவிலும் பனையிலும் அது தாராளமாக இருக்கும். அது பட்டையில் ஒட்டி வாழ்கிறது, மரத்தைத் தின்பதில்லை. மற்றது, மழை விட்ட மறுநாள் ஈரக் கட்டையில் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ கூழ் போலப் பரவி, ஓரிரு நாளில் தூளாகிவிடும் சளிப் பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருக்கிறதே தவிர அது பூஞ்சை இனமே அல்ல. பாடசாலையில் பங்கசு என்று படித்தோமே, அந்தக் கூட்டத்தில் அதற்கு இடமில்லை. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. எந்த மாதத்தில் என்ன கிடைக்கும்

எங்கள் பக்கத்து வருட மழையின் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஈரவலயக் காடுகளை வைத்து எழுதிய காலக்கணக்கு இங்கே உதவாது. எனக்குச் சரிவந்த கணக்கு இது.

மே முதல் செப்டெம்பர் நடு வரை (வைகாசி முதல் ஆவணி வரை): வருடக்கணக்கில் நிற்கும் கடினமான தட்டுகள் மட்டும்தான். கனோடெர்மா, ஃபெல்லினஸ் வகையறா. காளான் தேட இது காலமில்லை, கட்டை பதிய இதைவிட நல்ல காலமும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புரட்டாதியில் ஒரு மழை விழுந்தவுடன் ஓடாதீர்கள். அந்த ஈரம் இரண்டு நாள் வெயிலுக்குத் தாங்காது. ஓடினாலும் சுள்ளிகளில் ஒட்டியிருக்கும் பிளவுமடல் காளானைத்தான் காண்பீர்கள். அது ஸ்கிசோஃபில்லம் கொம்யூன். விசிறி மாதிரி, மேலே சாம்பல் வெள்ளை மயிர், அடியில் நீளவாக்கில் பிளந்த மடிப்புகள். காய்ந்தால் மடிப்புகள் உள்ளே சுருண்டு மூடிக்கொள்ளும், நனைந்தால் சில மணி நேரத்தில் திரும்பவும் விரியும். அதைக் கண்டால் மழை பெய்திருக்கிறது என்று மட்டும் தெரியும். பருவம் தொடங்கிவிட்டதற்கு அது சாட்சி அல்ல.

ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பிடிக்கும். கட்டையின் உள்பக்கம் நனைந்த பிறகுதான் வேலை. என் அனுபவத்தில் தொடர்ச்சியான முதல் மழைக்குப் பிறகு ஏழு முதல் பத்து நாள் பொறுத்துப் போவது நல்லது. காதுக் காளான் முதலில் வரும். பிறகு அடிக்கட்டைகளில் கூட்டமாக, விரல்நகம் அளவில் சாம்பல் குடைகள். அதன்பின் லென்டினஸ், காட்டுச் சிப்பிக் காளான்.

உச்சம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய. இந்த ஆறு வாரத்தைக் கலியாணத்துக்கோ பரீட்சைக்கோ விட்டுக்கொடுத்தால் அந்த வருடம் போச்சு.

தை, மாசியைப் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்த காலம். மென்மையானவை அழுகி முடிந்திருக்கும், ஆனால் புதுத் தட்டுகள் முழு வளர்ச்சியோடு, பூச்சி அரிக்காமல், விளிம்பு வெளுத்து நிற்கும். வெயில் நேரே விழும் கொப்புகளில் செம்மஞ்சள் தட்டு பளிச்சென்று தெரியும். வெள்ளமும் வடிந்திருக்கும். துளையுள்ள தட்டுக் காளான்கள்தான் உங்கள் நோக்கம் என்றால் தை முழுவதையும் அதற்கு ஒதுக்குங்கள். சித்திரையில் இடியோடு வரும் சிறுமழைக்குப் பிறகு ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

3. இடம் தெரிவதும் கடிதம் வாங்குவதும் (ஜூன், ஜூலைக்குள் முடியுங்கள்)

மூன்று வகை நிலம் இருக்கிறது. மூன்றுக்கும் வழி வேறு.

தனியார் வளவு. முதல் பருவத்துக்கு இதுவே போதும். மீசாலை, கொடிகாமம் பக்கத்து மா, பலாத் தோட்டங்கள், வலிகாமத்துப் பூவரசங் கதியால் வேலிகள், கோடிக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும் பனங்குத்திகள். உரிமையாளர் பக்கத்து வீட்டில் இருந்தால் வாய்மொழியே போதும் என்று நினைப்பீர்கள். போதாது. இங்கே பாதி வளவுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், பார்த்துக்கொள்பவர் ஒருவர், குத்தகைக்குச் செய்பவர் இன்னொருவர். சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி, "ஓம், பார்க்கலாம்" என்ற பதிலைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டியதும் படலை திறந்த அனுபவம் எனக்கு மூன்று தடவை உண்டு. மரம் எதையும் வெட்டமாட்டேன், காளான் துண்டு மட்டும் எடுப்பேன் என்று எழுத மறக்காதீர்கள். காணி அளக்க வந்திருக்கிறான் என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

கோயில் வளவு. பழைய மருது, இலுப்பை, ஆல், அரசு நிற்கும் இடங்கள். கோயில் முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், ஐயருக்கும் வாயால் சொல்லுங்கள். திருவிழா நாட்களை விட்டுவிடுங்கள். தல விருட்சத்தில் கத்தி வைக்கவே கூடாது, படத்தோடு நிறுத்துங்கள்.

அரச நிலம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காடு ஒன்று, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலம் இன்னொன்று. இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில். சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள், அங்கே ஆய்வு அனுமதி இல்லாமல் ஒரு சுள்ளியும் எடுக்க முடியாது. புதிதாகத் தொடங்குபவர் முதல் வருடம் இந்தப் பக்கம் போகவேண்டாம் என்பது என் கருத்து. கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு பருவத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். நான் ஓர் அலுவலகத்தில் வைகாசியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஐப்பசியில்தான் பதில் வந்தது, அதுவும் "மாதிரி எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை" என்று. அந்த ஒரு வரியை முதலே எழுதியிருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

எல்லா இடத்துக்கும் பொதுவான கடிதக்கட்டு இதுதான்: தேசிய அடையாள அட்டைப் பிரதி, ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் (யார், எந்த இடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, கடைசியில் எங்கே வைப்பீர்கள்), பாடசாலை அல்லது பல்கலைக்கழகத்தின் உறுதிக் கடிதம் இருந்தால் அது, கிராம அலுவலரின் (விதானையாரின்) கையொப்பம். விதானையாரிடம் மக்கள் சந்திப்பு நாளில் காலையிலேயே போங்கள். என்ன வேலை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும், பொறுமையாகச் சொல்லுங்கள். செலவு போட்டோப்பிரதிக் காசு மட்டும். ஐந்து பிரதி எடுங்கள், ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். காளானை வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிரியல் மாதிரிகளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம்.

போகக்கூடாத இடங்களையும் இப்போதே குறித்துவிடுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த நிலங்கள் உண்டு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை, சிவப்புக் கம்பு, நாடா எதைக் கண்டாலும் வந்த கால்தடத்திலேயே திரும்புங்கள். நீண்ட காலம் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள், பலகை இல்லாவிட்டாலும், ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். இராணுவ வேலிக்குப் பக்கத்தில் கமராவை எடுக்கவேண்டாம்.

4. சாமானும் செலவும்

பத்து மடங்கு கைலென்ஸ். கஸ்தூரியார் வீதியில் தட்டாருக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், நகை பார்க்கும் அதே கண்ணாடிதான். கறிக்கத்தி ஒன்று, சிறு உளி ஒன்று (தட்டுக் காளான் கத்திக்கு அசையாது), அளவுநாடா, பேப்பர் உறைகள், பென்சில். பேனை வேண்டாம், மார்கழி ஈரத்தில் மை ஊறிப் படிக்க முடியாமல் போகும். பொலித்தீன் பையைத் தொடவே தொடாதீர்கள். முதல் வருடம் கிடைத்த ஒரே நல்ல காதுக் காளானைப் பொலித்தீனில் கட்டி வைத்தேன், விடிய எழும்பிப் பார்த்தால் கூழ்.

கைப்பேசிக் கமரா போதும். கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம், இடத்தைத் தானே பதியும். தனியார் வளவில் எடுத்ததை இடம் மறைத்துப் பதிவிடும் வசதி அதில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரு பருவத்துக்கு இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் பஸ்ஸும் பெற்றோலும். மிச்சத்தில் பெரிய செலவு ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள். சைக்கிளில் போகும் தூரத்தில் இடங்களைத் தெரிந்திருந்தால் செலவு அரைவாசியாகியிருக்கும்.

5. வைகாசி முதல் ஆவணி வரை: கட்டைகளைப் பதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். காளான் வரும் போகும், கட்டை அங்கேயே கிடக்கும். வெயில் காலத்தில் பற்றை காய்ந்து, தரை தெளிவாகத் தெரியும்போது, உங்கள் இடத்தில் உள்ள ஒவ்வொரு பட்ட மரத்தையும், அடிக்கட்டையையும், விழுந்த கொப்பையும் இலக்கமிட்டு ஒரு பட்டியல் போடுங்கள். மழையில் அந்தப் பட்டியலோடு போனால் ஒவ்வொரு கட்டையிலும் "இருக்கிறது", "இல்லை" என்று எழுதலாம். "இல்லை" என்று எழுதாத கொப்பி கணக்கெடுப்பு ஆகாது, அது பார்த்ததன் பட்டியல் மட்டுமே.

குறைந்தது பத்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள கட்டைகளை மட்டும் பதியுங்கள். சுள்ளிகளையும் எண்ணத் தொடங்கினால் சித்திரை வந்தாலும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் எழுதவேண்டியது: மரத்தின் பெயர், நிற்கிறதா கிடக்கிறதா, நீளம், நடு விட்டம் (நிற்கும் மரமென்றால் 1.3 மீற்றர் உயரத்தில்), வெயிலா நிழலா, தரையைத் தொடுகிறதா, எவ்வளவு உக்கியிருக்கிறது.

உக்கலுக்குக் கத்திச் சோதனை. பட்டை முழுதாக இருந்து கத்தி இறங்காவிட்டால் 1. ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இறங்கினால் 2. ஐந்து வரை இறங்கினால் 3. அலகு முழுதும் இறங்கினால் 4. கையால் பிடித்தால் உதிர்ந்தால் 5. உக்கிய நிறத்தையும் எழுதுங்கள். நார் நாராக வெளுத்திருந்தால் வெள்ளை அழுகல், சதுரம் சதுரமாக வெடித்து மண்ணிறமானால் பழுப்பு அழுகல். பிறகு பெயர் கண்டுபிடிக்கும்போது இந்த ஒரு குறிப்பு பாதி வழியைக் குறைக்கும்.

பனைக்கு இந்தச் சோதனை ஏமாற்றும். பனையின் வைரம் வெளியே, உள்ளே சோறு போல மெதுமை. வெளியில் 1 என்று எழுதியிருப்பீர்கள், உள்ளே குடைந்து வெறுமையாகியிருக்கும். பனங்குத்தி என்றால் வெட்டுமுகத்தில் கத்தி வையுங்கள், காளானையும் அங்கேயும் வெடிப்புகளிலும்தான் தேடவேண்டும். மா, முருங்கை, முள்முருங்கை மாதிரி மெல்லிய மரங்கள் சீக்கிரம் உக்கும், வகையும் அதிகம். வேம்பையும் புளியையும் கிழமைக்கணக்காகப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இலக்கத்துக்குச் சோடாத் தகரத்தை வெட்டி, ஆணியால் இலக்கத்தைக் குத்தி, கம்பியால் கட்டுங்கள். ஸ்ரிக்கர் முதல் மழைக்கே போய்விடும். உயிருள்ள மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

பெரிய ஆபத்து அடுப்பு. நீங்கள் பதிந்தது உங்களுக்கு மாதிரி, வீட்டுக்கார அம்மாவுக்கு விறகு. சிலிண்டர் விலை ஏறிய காலங்களில் என் கட்டைகள் வேகமாகக் குறைந்தன. இரண்டு வழி உண்டு. ஒன்று, அறுபது கட்டை வேண்டுமென்றால் எண்பது பதியுங்கள். மற்றது, "அம்மா, தகரம் கட்டினதை மட்டும் மாசி வரைக்கும் விட்டுவிடுங்கோ, மற்றதை எரியுங்கோ" என்று நேரே கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். மரக்காலையில் கிடக்கும் குத்திகளைப் பதியாதீர்கள், அவை எந்த ஊரிலிருந்து வந்தவை என்று தெரியாது.

6. மழைச் சுற்றுகள்

ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று. எட்டு, ஒன்பது சுற்று வரும். மெல்லிய குடைகள் மூன்று நாளில் முளைத்து அழிந்துவிடும், சிலவற்றைத் தவறவிடுவீர்கள். அதற்காகத் தினமும் போகாதீர்கள், எல்லாக் கட்டைக்கும் ஒரே இடைவெளி இருப்பதுதான் முக்கியம்.

காலை எட்டு மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் மரநிழலில் படம் மங்கும். ஒரு கட்டையில் ஓர் இனம் ஒரு பதிவு. அதில் முந்நூறு விசிறி இருந்தாலும் ஒன்று, மூன்று இருந்தாலும் ஒன்று. நான் முதலில் விசிறிகளை எண்ணினேன், ஒரு மாங்கொப்பில் அரை நாள் போனது. கட்டையின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் கையை விட்டுத் தடவாமல் தடியால் புரட்டுங்கள். தேள், மட்டத்தேள், விரியன் மூன்றையும் நான் கட்டைக்கடியில் சந்தித்திருக்கிறேன். புரட்டியதைப் பழையபடி வையுங்கள்.

வெள்ளம் நின்ற வளவுக்குள் வெறுங்காலோடு இறங்காதீர்கள். 2024 டிசம்பரில் எங்கள் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. காலில் காயம் இருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். மழைக்காலம் டெங்குக் காலமும்தான், நீளக் கை சட்டை போடுங்கள். புயல் அறிவிப்பு இருந்தால் பட்ட மரத்துக்குக் கீழே நிற்கவே வேண்டாம். புயலில் விழுந்த மரங்களைக் கண்டு ஆசைப்படுவீர்கள், அவற்றில் பெரிதாக எதுவும் அந்தப் பருவத்தில் வராது. இலக்கம் கட்டி அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

7. மாதிரி, வித்திப்பதிவு, காயவைத்தல்

எடுக்குமுன் நான்கு படம்: மேல், அடி, பக்கவாட்டு, முளைத்த மரத்தோடு தூரத்திலிருந்து. அடிப்பக்கப் படம் இல்லாத காளானுக்கு எந்த நிபுணரும் பெயர் சொல்லமாட்டார். துளையா, மடிப்பா, வழுவழுப்பா என்பது அங்கேதான் தெரியும். ஒரு இனத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள், மிச்சம் கட்டையிலேயே நிற்கட்டும்.

வீட்டுக்கு வந்த அன்றிரவே வித்திப்பதிவு, அதாவது காளானிலிருந்து உதிரும் வித்தித் தூளைப் பேப்பரில் விழவைத்து நிறம் பார்ப்பது. பாதி வெள்ளை, பாதி கறுப்புப் பேப்பரில் அடிப்பக்கம் கீழே இருக்க வைத்து, கோப்பையால் மூடி விடுங்கள். விடிய நிறம் தெரியும். கனோடெர்மாவுக்கு இது தேவையில்லை, அதன் கொக்கோ நிறத் தூள் கீழே உள்ள இலைகளிலேயே படிந்திருக்கும்.

காயவைப்பதுதான் மார்கழியில் பெரும்பாடு. வெயில் இல்லை, காற்றிலும் ஈரம். நாற்பது பாகை வெப்பம் போதும், அறுபதுக்கு மேல் போனால் காளான் வெந்துவிடும். நான் செய்தது: அட்டைப் பெட்டி, நடுவில் கம்பி வலை, வலைக்குக் கீழே பழைய குண்டு பல்ப், மேலே காற்றுப் போகத் துளைகள். பல்ப் அட்டையிலோ பேப்பரிலோ முட்டாமல் இருக்கட்டும், ஆள் இல்லாத வீட்டில் எரியவிடாதீர்கள். மெல்லியது ஒரு நாள், தடித்த தட்டு மூன்று நாள். ஒடித்தால் முறிய வேண்டும். பிறகு சிலிக்கா மணியோடு மூடிய போத்தலில் போட்டு இரண்டு கிழமை உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், உள்ளே இருக்கும் வண்டு முட்டைகள் சாகும். அம்மா இதற்கு ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் வைக்கும் தட்டுக்கு மேலே வைத்தது என் பிழை.

8. பெயர் வைக்கும்போது

இனப்பெயர் வரை போக அவசரப்படாதீர்கள். செயலி சொல்வது முதல் ஊகம் மட்டும், அது அறிந்த காளான்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் காளான்கள். பிளவுமடல், காதுக் காளான் போன்றவற்றை நீங்களே நிச்சயமாகச் சொல்லலாம். உருண்டையாகக் கரித்துண்டு போல இருந்து, வெட்டினால் உள்ளே வளையம் வளையமாகத் தெரிந்தால் டால்டினியா. கறுத்த விரல் போல நின்றால் சைலேரியா. மற்றவற்றுக்கு "துளைத் தட்டு, மண்ணிறம், மாதிரி 14" என்று எழுதினாலும் அது நல்ல பதிவுதான். பிழையான பெயரைவிட அது எவ்வளவோ மேல். காய்ந்த மாதிரிகளோடு மாசியில் திருநெல்வேலிக்குப் போய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் முன்கூட்டியே நேரம் கேட்டுச் சந்தியுங்கள். பரீட்சைக் காலத்தில் போகவேண்டாம்.

ஒவ்வொரு படலையிலும் உங்களை ஒரு கேள்வி வரவேற்கும்: "தம்பி, உதைச் சமைக்கலாமோ?" தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரே பதில் சொல்லுங்கள், "இல்லை அம்மா, இது படிக்கிறதுக்கு." நீங்கள் கொப்பியோடு வந்த ஆள், உங்கள் வாயிலிருந்து "ஓம்" என்று வந்தால் அன்றிரவே சட்டியில் ஏறும்.

9. பருவம் முடிந்ததும்

மாசிக் கடைசியில் பட்டியலோடு ஒரு சுற்று நடந்து, எந்தக் கட்டை இருக்கிறது, எது இல்லை என்று சரிபாருங்கள். இல்லாதவற்றுக்குக் காரணம் எழுத ஒரு நிரல் விடுங்கள். என் கொப்பியில் போன வருடம் எண்பத்தொரு கட்டையில் பத்தொன்பதுக்கு எதிரே "அடுப்பு", நான்குக்கு எதிரே "வெள்ளம்", ஆறுக்கு எதிரே "கரையான்", ஒன்றுக்கு எதிரே "புதுக் கிணறு" என்று இருக்கிறது. வளவுக்காரர்களுக்கு இரண்டு நல்ல படத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், கனடாவில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வைகாசியில் அதே படலைக்குத்தான் திரும்பவும் போகவேண்டியிருக்கும்.